மருந்துக்காரரும் ஐந்நூறு குளவிகளும்

மருந்துக்காரர் இருபத்திரண்டு வருடமாகப் பூச்சிமருந்துக் கடை நடத்துகிறார். இத்தனை வருடத்தில் தன் மருந்தைப் பற்றி ஒரு பூச்சிகூடப் புகார் சொன்னதில்லை என்பது அவர் தினமும் சொல்லும் வேடிக்கை. அதற்குத் தினமும் சிரிக்கிற ஒரே ஆளும் அவர்தான்.

உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை அவர்மேல் மருந்து வாடை வீசும். குளித்தாலும் போகாது, அவர் அதிகம் குளித்துப் பார்த்ததும் இல்லை. தன்னை இன்றுவரை ஒரு கொசுவும் கடித்ததில்லை என்று பெருமையடித்துக்கொள்வார். பக்கத்தில் படுக்கிற மனைவியையும் கடித்ததில்லைதான். அந்த அம்மாள் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்கு ஒரே அக்கா, ஒன்பது வயது மூத்தவர். சின்ன வயதில் இவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அக்காவுக்கு ஊர் ஓரத்தில் மூன்று பசுமைக்குடில்கள் இருந்தன. அவற்றில் தொட்டிச் சாமந்தி வளர்த்து மொத்த வியாபாரிக்குக் கொடுத்துவந்தார். குடிலுக்கு மருந்து தம்பி கடையிலிருந்துதான். அது எழுதப்படாத சட்டம். சட்டத்தை மீறவைத்தது அந்த வருடம் வந்த கிறுக்கல் பூச்சி.

புத்தகத்தில் அதற்கு இலைத்துளைப்பான் என்று பெயர். குடிலில் வேலை செய்யும் பெண்கள் கிறுக்கல் பூச்சி என்றே சொல்வார்கள். ஊசித்தலை அளவு ஈ ஒன்று இலையில் முட்டை வைக்கும். பிறக்கிற மஞ்சள் புழு வெளியே தலைகாட்டாது. இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புகுந்து, தின்றுகொண்டே போகும். போன வழியெல்லாம் வெள்ளையாக ஒரு கோணல்மாணல் கோடு விழும். அக்காவின் சாமந்தி இலைகள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துவைத்த நோட்டுப்புத்தகம்போல ஆகிவிட்டன. பூ நன்றாகத்தான் பூத்தது. ஆனால் தொட்டியோடு வாங்குகிறவர்கள் இலையையும் பார்ப்பார்கள் என்று மொத்த வியாபாரி நாற்பது தட்டுகளைத் திருப்பியனுப்பிவிட்டார்.

தம்பி ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மருந்து கொடுத்தார். புழு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவன்போல இலைக்குள் சுகமாக இருந்தது. ஒவ்வொரு தெளிப்புக்குப் பிறகும் கோடுகள் கூடின.

அப்புறம்தான் அந்த பாட்டில் வந்தது. சொன்னது அத்தான். அக்காவின் கணவர் மென்மையானவர்; யாருக்கும் கெட்ட செய்தி சொல்ல விரும்பாதவர். எனவே கடைக்கு வந்து, வானிலை, முழங்கால் வலி, ரயில் தாமதம் என்று எல்லாம் பேசிவிட்டு, கிளம்பும்போது வாசற்படியில் நின்று, அக்கா குளவி வாங்கியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மருந்துக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு ஓடினார். அக்கா கையில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே மிளகுத்தூள் தூவியதுபோல என்னவோ நகர்ந்தது. ஐந்நூறு குளவிகள். பூச்சி வளர்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து வந்தவை. கொண்டுவந்து கொடுத்த பெண்மணியை எல்லோரும் குளவி மேடம் என்றார்கள்.

"இதுவா குளவி? இத வச்சு ஒரு தும்மல் போட முடியாது."

"நீ குடுத்ததுல நாலு மாசம் தும்மினதுதான்டா மிச்சம்," என்றார் அக்கா.

குளவி என்ற சொல்லைக் கேட்டதும் வேலைக்காரப் பெண்கள் குடிலுக்குள் வர மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். மறுநாள் இருவர் பைக் ஹெல்மெட்டோடு வந்தார்கள். ஒருத்தி மழைக்கோட்டும் கையுறையும் போட்டு, முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு, பார்வைக்கு வங்கிக் கொள்ளைக்குக் கிளம்பியவளாக இருந்தாள். இந்தக் குளவிக்கு மனிதர்களைக் கொட்டத் தெரியாது, அதற்கு அந்தப் புழுவைத் தவிர உலகத்தில் எதுவும் கண்ணில் படாது என்று குளவி மேடம் விளக்கிவிட்டு, மூடியைத் திறந்து பாட்டிலைச் செடிகளுக்கு நடுவே சாய்த்து வைத்தார். ஹெல்மெட்டுகள் பின்வாங்கின. பாட்டிலிலிருந்து கொஞ்சம் தூசி மேலே போனது. அவ்வளவுதான். மருந்துக்காரர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா தன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை.

ஐந்து வாரம் போயிற்று. மேடம் வாரம் ஒருமுறை வந்து இலைகளைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். மருந்துக்காரர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வியாழக்கிழமை அக்காவின் மகளுக்குப் பிரசவ வலி கண்டது. மகள் இருப்பது ஆறு மணி நேரப் பயணத்தில். அக்காவும் அத்தானும் அரக்கப்பரக்கக் கிளம்பினார்கள். மேல் ஜன்னல்களைக் காலையில் திறந்து மாலையில் மூட வேண்டும், தண்ணீர் மோட்டாரை ஒருமுறை பார்க்க வேண்டும். இதற்கு நம்பகமான ஆள் தம்பிதான்.

சாவியைக் கையில் வைத்து அக்கா சொன்னார்: "ஜன்னல், மோட்டார். செடியத் தொடாதே."

வெள்ளிக்கிழமை அவர் ஜன்னலைத் திறந்தார், மோட்டாரைப் பார்த்தார். வந்ததற்கு இலையையும் பார்த்தார். எந்த இலையை எடுத்தாலும் கோடு. ஐந்து வாரம் முன்பு பார்த்த அதே கிறுக்கல். குளவி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. செடிகளுக்கு நடுவே நின்று அவர் யோசித்தார். அக்கா ஏமாந்துவிட்டார். திங்கட்கிழமை வியாபாரி பார்க்க வரப்போகிறார். கூடப்பிறந்தவன் நான் எதற்கு இருக்கிறேன்?

கடையில் புது மருந்து ஒன்று வந்திருந்தது. இலையின் தோலைத் தாண்டி உள்ளே இறங்கக்கூடியது. அவர் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு மூன்று குடில்களிலும், ஒரு மூலை விடாமல், தன் கையாலேயே அடித்தார். ஒரு செடியையும் தொடவில்லை. அக்கா திரும்பி வந்து, இலை தளதளவென்று இருப்பதைப் பார்த்துக் கண்கலங்கி, நீ இல்லாவிட்டால் நான் என்னடா செய்வேன் என்று சொல்வதுவரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டார். அதற்குத் தான் சொல்லப்போகும் அடக்கமான பதிலையும் தயார் செய்துவைத்தார்.

சனிக்கிழமை காலை குளவி மேடம் வந்தார். குடிலுக்குள் நான்கடி நடந்தவர் அப்படியே நின்று, யாராவது மருந்து அடித்தீர்களா என்று கேட்டார். இல்லையே என்றார் மருந்துக்காரர். வாடை அடிக்கிறதே என்றார் மேடம். அது என் வாடை என்றார் இவர். அதை மட்டும் யாராலும் மறுக்க முடியாது.

மேடம் ஓர் இலையைப் பறித்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊசியால் அந்த வெள்ளைக் கோட்டின் முனையில் மேல்தோலை மெல்லக் கிழித்து, லென்ஸை அவரிடம் நீட்டினார். உள்ளே மஞ்சள் புழு துணிபோலத் துவண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல வெளிறிய சின்னப் புழு ஒன்று. அந்தச் சின்னது குளவியின் பிள்ளை, பெரியதை வெளியிலிருந்து உறிஞ்சியே வளரும் என்று மேடம் விளக்கினார். இப்போது அதுவும் செத்திருந்தது. இன்னோர் இலை, அதிலும் அப்படியே. நாற்பது கோடுகளைத் திறந்ததில் முப்பத்தேழில் குளவி வேலையை முடித்திருந்தது.

கோடு அப்படியேதானே இருக்கிறது என்றார் மருந்துக்காரர், குரல் இறங்கி.

"கோடு எப்படி சார் போகும்? தின்ன இடம் தின்ன இடம்தான். புழு செத்தாலும் இலையில தழும்பு இருக்கும். புது இலையப் பாருங்க."

அவர் செடியின் உச்சியைப் பார்த்தார். கைநிறைய இளம் இலைகள், ஒரு கீறலும் இல்லாமல். நேற்று அவர் உச்சியைப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவர் பார்த்தது கீழ் இலையைத்தான். வியாதி அங்கேதானே இருக்கும்.

மேடத்திடம் வேறொரு தோட்டத்துக்காக எடுத்துவந்த டப்பா ஒன்று இருந்தது. அதைத் திறந்து, அதிலிருந்த, கோடு விழுந்த அவரைக்கொடி இலை ஒன்றை மூடிபோட்ட கண்ணாடித் தட்டில் வைத்து, ஒரே ஒரு குளவியை உள்ளே விட்டார். வந்ததற்கு இதையும் பார்த்துவிடுங்கள் என்று தட்டை நகர்த்தினார்.

எள்ளில் பாதிதான் இருக்கும். லென்ஸில் பார்த்தபோது பச்சை உலோகம்போல மின்னியது. குளவி இரண்டு உணர்கொம்புகளாலும் இலையைத் தட்டித் தட்டி, விலாசம் தேடி வந்தவர்போல அங்குமிங்கும் நடந்தது. கடிபட்ட இலை விடுகிற வாசனையைப் பிடித்துச் செடிவரைக்கும் வந்துவிடும், வீட்டுக்குள் ஆள் எந்த அறையில் என்பதைத்தான் இப்படித் தட்டிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் மேடம். தட்டிக்கொண்டே வந்த குளவி வெள்ளைக் கோட்டில் இடறியதும் சட்டென்று திரும்பி, கோட்டின்மேலேயே நடக்கத் தொடங்கியது. மறுமுனையில், தோலுக்கடியில், புழு தலையை இடமும் வலமும் ஆட்டித் தின்றுகொண்டிருந்தது.

புழு நின்றது. குளவியும் நின்றது.

"மேல நடக்கிறது அதுக்குத் தெரியும். உள்ள அசையறது இதுக்குத் தெரியும். ரெண்டும் காதால இல்ல சார், உடம்பால கேக்குதுங்க," என்றார் மேடம்.

இரண்டும் அசையவில்லை. மருந்துக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார். வெளியே மோட்டார் ஓடி நின்றது. கடை திறக்கும் நேரம் தாண்டியது. நான்கு நிமிடம் கழித்துப் புழுவுக்குப் பசி பொறுக்கவில்லை. தலையை ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஆட்டியது. குளவி உடலை வளைத்து, இலைத் தோலைத் துளைத்துக் கொடுக்கை இறக்கியது. புழு துடித்தது, பிறகு தளர்ந்தது. குளவி இன்னும் இரண்டு இடத்தில் குத்தி உறுதி செய்துகொண்டு, பக்கத்தில் ஒரு முட்டையை வைத்துவிட்டு, கால்களைத் துடைத்துக்கொண்டது.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம், மடையன்," என்றார் மருந்துக்காரர். புழுவைத்தான் சொன்னார். சொன்ன பிறகு, தன்னைச் சொன்னதுபோல இருந்தது. லென்ஸைக் கீழே வைத்தார்.

"மேடம், நான்தான் அடிச்சேன்."

"தெரியும் சார். குடில் கண்ணாடி பூரா மருந்துத் துளி காஞ்சிருக்கு."

இரண்டு நாள் வலிக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. படத்தோடு. மூக்கு அப்படியே உன் மூக்கு என்று அக்கா எழுதியிருந்தார். மருந்துக்காரர் ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டார். கடையில் போய் உட்கார்ந்து, அந்தப் புது மருந்தின் டப்பாவை எடுத்து, அதன் முதுகில் எறும்பு எழுத்தில் இருந்ததை முதல்முறையாக வாசித்தார். நன்மை செய்யும் பூச்சிகளுக்கு மூன்று வாரம்வரை தீங்கு விளைவிக்கும். அதாவது, இன்னும் ஐந்நூறு குளவி வாங்கி விட்டாலும் சாகும். அடுத்த டப்பாவை எடுத்தார். அதற்கு அடுத்ததை. மாலைவரை வாசித்தார். வந்த வாடிக்கையாளர்கள், அவருக்கு வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து, வாங்காமலே போனார்கள்.

மறுநாள் வியாபாரி வருகிறாரே என்று, ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு, கையில் இனிப்புப் பெட்டி. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு சொல்லலாம் என்றால் தைரியம் போய்விடும் என்று, மருந்துக்காரர் வாசலிலேயே, பெட்டியைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார். மூன்று குடிலையுமா என்று அக்கா கேட்டார். மூன்றையும் என்றார். அக்கா பெட்டியைத் திறக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு பேச்சில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. ஒரே அறையில் நின்றுகொண்டு அத்தான் வழியாகத்தான் எல்லாம் நடந்தது. வியாபாரியிடம் இரண்டு மாதம் தவணை கேட்டாகிவிட்டது என்று அவனிடம் சொல்லுங்கள் என்பார் அக்கா. அத்தான் இவர் பக்கம் திரும்பி, இரண்டு மாதம் தவணை கேட்டாகிவிட்டதாம் என்பார். காதில் விழுந்தது அத்தான் என்பார் இவர். அத்தான் அக்கா பக்கம் திரும்பி, விழுந்ததாம் என்பார். மனிதர் இரண்டு நாளில் கழுத்து வலி வந்து படுத்துவிட்டார்.

வழி பிறந்தது, யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து. வேலைக்காரப் பெண்களில் ஒருத்திக்கு 'அப்புறம்' என்று பெயர். எதைச் சொன்னாலும் அப்புறம் செய்கிறேன் என்பாள், செய்ய மாட்டாள். குடிலைச் சுற்றிப் பார்த்த மேடம், தெளிப்புக்கு முன்னால் கிள்ளிய கீழ் இலைகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். எரித்துவிடச் சொல்லியிருந்தேன் என்றார் அக்கா. எல்லோரும் அப்புறத்தைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நிழலில், வாய்கட்டிய எட்டுச் சாக்குகள் பதினைந்து நாளாக அப்படியே கிடந்தன.

மேடம் ஒரு சாக்கை அவிழ்த்து, ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பிழைத்த ஒன்றிரண்டு ஈப்புழுக்கள் இலையை விட்டிறங்கி, சாக்கின் அடியில் பழுப்புக் கடுகாக உருண்டிருந்தன. இலைக்குள்ளே இருந்தது குளவியின் கூட்டுப்புழு. கன்னங்கரேலென்று, ஆணி மாதிரி. அதைச் சுற்றிக் கறுப்பாகச் சில புள்ளிகள். அவை, கூட்டுப்புழுவாகும் முன்பு தன் கழிவாலேயே அது நட்டுக்கொண்ட தூண்கள். காய்கிற இலை தன்மேல் அமுங்காமல் முட்டுக்கொடுக்கத்தான் என்றார் மேடம். மருந்துக்காரர் அந்த இலையை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

எட்டுச் சாக்கு இலை. ஈயாகும் முன்பே கடுகை உதறிச் சோப்பு நீரில் கொட்ட வேண்டும்; இலையை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து, கறுப்பு இருப்பதை மட்டும் வலைப்பெட்டியில் சேர்க்க வேண்டும். இதற்கு ஆள் யார் என்று அக்கா அத்தானிடம் கேட்கவே இல்லை. மருந்துக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் மேடம் அவரைக் கிட்டவே விடவில்லை. முதலில் குளித்துவிட்டு வாருங்கள் என்றார். குளித்து வந்தார். மோந்து பார்த்துவிட்டு, இன்னொரு முறை என்றார்.

அப்படியாகக் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, தினமும் மூன்று முறை தேய்த்துத் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். மனைவி இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் துண்டை நீட்டியபடியே சொன்னார்: "இருபத்திரண்டு வருஷமா நான் சொல்லி நடக்கல. ஒரு கொசு சைஸ் பூச்சிக்காக நடக்குது. அது பொம்பளப் பூச்சியா?"

கொட்டுவதெல்லாம் பெண்தான் என்று அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது.

பதினொன்றாம் நாள் காலை, வலைப்பெட்டிக்குள் ஓர் இலையின் தோலில் வட்டமாகச் சின்ன ஓட்டை விழுந்தது. ஓட்டையிலிருந்து இரண்டு கொம்பு, பிறகு ஒரு தலை. தலை வெளியே வந்து, தோள் மாட்டிக்கொண்டு, திரும்ப உள்ளே போய், இன்னும் கொஞ்சம் கடித்துவிட்டு வந்தது. மருந்துக்காரருக்குச் சண்டை மறந்துபோயிற்று.

"அக்கா, இங்க வா. சீக்கிரம் வா."

அக்கா கையில் இருந்த தொட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். லென்ஸைப் பிடுங்கினார். "எங்கடா? எனக்கு ஒண்ணும் தெரியல. உன் தலைய எடு மொதல்ல."

அவர் தலையை எடுத்தார். அக்கா ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது, குழந்தையின் மூக்கு நிஜமாகவே உன் மூக்குதான், பாவம் என்றார். பின்னால் நின்ற அத்தான், கழுத்துப்பட்டியோடு, இதை யாருக்கும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை என்று புரிந்து, கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார்.

மருந்தின் வீரியம் தீரும்வரை குளவிகளை வலைப்பெட்டிகளிலேயே வைத்து, தேன் தடவிய காகிதமும் கோடு விழுந்த அவரைச் செடியும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அங்கேயே அவை இன்னொரு தலைமுறை பெருகின. மூன்று வாரம் கழித்து மூன்று குடில்களிலும் திறந்துவிட்டபோது யாரும் ஹெல்மெட் போடவில்லை. அப்புறத்துக்கு அக்கா ஒரு நாள் விடுமுறை கொடுத்தார். அவள் அதை இரண்டாக எடுத்துக்கொண்டாள்.

தவணை முடிந்து மொத்த வியாபாரி வந்தார். முக்கால்வாசித் தட்டுகளில் இலை சுத்தம். மீதியில் அங்கங்கே ஒரு கோடு. அவர் ஒரு தொட்டியைத் தூக்கி, இதோ பாருங்கள், இன்னும் கிறுக்கல் இருக்கிறதே என்றார். அக்கா பதில் சொல்லும் முன்பே மருந்துக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, கையில் லென்ஸைக் கொடுத்துவிட்டார். அசையக் கூடாது, மூச்சுகூட மெதுவாக விட வேண்டும் என்றார். முதலில் குளவி வரவில்லை. வரும், வரும் என்றார். வந்தது, ஆனால் கோட்டின் தப்பான முனைக்குப் போயிற்று. இப்போது திரும்பும் பாருங்கள் என்றார். வியாபாரியின் ஃபோன் இரண்டு முறை அடித்தது. அதை எடுத்து இவரே அணைத்துவிட்டார், அதிர்வில் புழு உஷாராகிவிடும் என்று. ஐம்பது நிமிடத்தில் வியாபாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எல்லாத் தட்டையும் ஏற்றிவிடுங்கள் அம்மா, எனக்கு வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்று கெஞ்சினார்.

"இருங்க, முட்டை வைக்கிறதப் பாக்கலியே," என்றார் மருந்துக்காரர்.

"ஆளை விடுடா," என்றார் அக்கா, தட்டுகளை எண்ணிக்கொண்டே.